மூக்குத் தண்டு வளைவு: ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் சொல்லுங்கள், வீட்டில் அம்மா வேண்டாம் என்கிறார்

பஞ்சுத்தூசி | ஜனவரி 12, இரவு 10:52

வணக்கம். வயது 31. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். காலேஜ் படித்த காலத்திலிருந்தே என் இடது மூக்கு ஒழுங்காக வேலை செய்ததில்லை. இரண்டு வருடமாக வலதும் சேர்ந்துகொண்டது. ராத்திரி வாயைப் பிளந்துகொண்டுதான் தூக்கம். காலையில் எழுந்தால் நாக்கு பாகற்காய் வற்றல் மாதிரி காய்ந்து கிடக்கிறது. மத்தியானம் மூன்று மணிக்குக் கண் சொருகுகிறது. கையில் கட்டிங் மிஷினை வைத்துக்கொண்டு கண் சொருகினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். மூக்குக்குள் கேமரா குழாய் விட்டு டிவியில் காட்டினார். இரண்டு துவாரத்தையும் பிரிக்கும் நடுத்தண்டு இடது பக்கமாக வளைந்திருக்கிறதாம், அதில் முள் மாதிரி ஒரு துருத்தல் வேறு. வலது பக்கம் சதை பெருத்திருக்கிறதாம். "அவசரமில்லை, ஆனால் ஆபரேஷன் செய்துகொண்டால் நல்லது" என்று சொல்லி சி.டி. ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்.

அம்மா இதைக் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டார். பெரிய மாமாவுக்கு 1984-ல் இதே ஆபரேஷன் நடந்தது. ஒரு வருடத்துக்குள் மூக்கின் நடுவில் பள்ளம் விழுந்துவிட்டது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறார். "பெண் பார்த்துக்கொண்டிருக்கிற நேரத்தில் மூக்கை அறுத்துக்கொண்டு வந்து நிற்கப்போகிறாயா" என்று ஒரே சண்டை.

செய்துகொண்டவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள். வலி எப்படி, எத்தனை நாள் லீவு, உருவம் மாறுமா, திரும்ப வளையுமா?

---

ரெண்டாம்_ஆட்டம் | ஜனவரி 12, இரவு 11:15

செய்யாதீர்கள் ப்ரோ. என் ரூம்மேட் செய்தான். இரண்டே வருடத்தில் பழையபடி அடைப்பு, தும்மல், எல்லாம் வந்துவிட்டது. காசு போனதுதான் மிச்சம்.

---

மாட்டுத்தாவணி | ஜனவரி 13, காலை 6:30

நான் 2019-ல் செய்துகொண்டேன். செய்ததில் மிகச் சரியான காரியம் அது. வலி என்று பெரிதாக ஒன்றுமில்லை, இம்சைதான் அதிகம். ஆபரேஷன் முடிந்ததும் மூக்கில் அடைத்துவைக்கும் அந்த இரண்டு நாள் பஞ்சைத் தவிர்த்து மற்றதெல்லாம் தாங்கக்கூடியதே.

---

ஓடி_நர்ஸ் | ஜனவரி 13, காலை 9:04

தம்பி, பதில் சொல்வதற்கு முன் ஒரு கேள்வி. மூக்கில் சொட்டு மருந்து ஏதாவது போடுகிறீர்களா? போடுகிறீர்கள் என்றால் எத்தனை நாளாக?

---

பஞ்சுத்தூசி | ஜனவரி 13, மதியம் 1:20

போடுகிறேன் அக்கா. இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கும். முதலில் ராத்திரி மட்டும்தான். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து தடவை ஆகிவிட்டது. தலையணைக்கு அடியில் ஒரு பாட்டில், பைக் டேங்க் கவரில் ஒன்று, கட்டிங் டேபிள் டிராயரில் ஒன்று வைத்திருக்கிறேன். போட்ட இரண்டு நிமிடத்தில் சொர்க்கம். டாக்டர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

---

ஓடி_நர்ஸ் | ஜனவரி 13, மாலை 7:41

நினைத்தேன். இரண்டு வருடமாக வலதும் அடைக்கிறது என்றபோதே எனக்கு உறுத்தியது. தண்டு ஒரு பக்கம் வளைந்திருக்கிறது, அடைப்பு இரண்டு பக்கமும் வருகிறது, அதுவும் இரண்டு வருடமாகத்தான் என்றால் கணக்கு இடிக்கிறது.

நீங்கள் போடும் பாட்டிலில் சைலோமெட்டாசோலின் அல்லது ஆக்ஸிமெட்டாசோலின் என்று இருக்கும், பாருங்கள். மூக்குக்குள் வீங்கியிருக்கும் ரத்தக் குழாய்களை அது சட்டென்று சுருக்கிவிடும். அதுதான் உங்கள் சொர்க்கம். ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்து போட்டால், மருந்தின் வேகம் குறைந்ததும் அதே குழாய்கள் முன்னைவிட அதிகமாக வீங்கும். அந்த வீக்கத்துக்கு மறுபடி சொட்டு, சொட்டுக்கு மறுபடி வீக்கம். வட்டி கட்டுவதற்குக் கடன் வாங்கிய கதைதான். ஆபரேஷன் தியேட்டர் வேலையில் பதினாறு வருடம் ஆகிறது எனக்கு. ஆபரேஷன் முடிந்து தண்டு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கும். ஒரு மாதம் கழித்து "அடைப்பு போகவே இல்லை" என்று வந்து நிற்பார்கள். பையைத் திறந்தால் சொட்டு பாட்டில்.

எனவே முதல் வேலை, டாக்டரிடம் திரும்பப் போய் இதைச் சொல்லுங்கள். பெரும்பாலும் மொமெட்டாசோன் அல்லது ஃப்ளூட்டிகாசோன் ஸ்பிரே கொடுத்து, சொட்டை ஒரு பக்கம் முதலில் நிறுத்தச் சொல்வார். ஒரு மூக்கு சரியான பிறகு அடுத்தது. முதல் ஒரு வாரம், பத்து நாள் நரகம்தான். ஸ்டீராய்டு ஸ்பிரே என்றதும் அம்மா பயப்படுவார். மூக்கில் அடிக்கும் இந்த ஸ்பிரே ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு என்று சொல்லுங்கள். ஆனால் அது சொட்டு மாதிரி இரண்டு நிமிடத்தில் வேலை காட்டாது. ஓரிரு வாரம் தினமும் விடாமல் அடித்தால்தான் பலன் தெரியும்.

அடிக்கும் விதமும் முக்கியம். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கில், இடது கையால் வலது மூக்கில். முனை நடுத்தண்டைப் பார்க்கக் கூடாது, அந்தப் பக்கத்துக் காதைப் பார்க்க வேண்டும். நடுவில் அடித்தால் ரத்தம் கசியும். பலர் அண்ணாந்து அடித்து, எல்லாம் தொண்டைக்கு இறங்கிய பிறகு "கசக்குது, வேலை செய்யலை" என்பார்கள்.

---

காவேரிக்கரை_தாத்தா | ஜனவரி 14, காலை 5:48

பொங்கல் வாழ்த்துகள் எல்லோருக்கும். ஒரு விஷயம் மட்டும். மூக்கு மாற்றி மாற்றி அடைப்பது எல்லாமே நோயல்ல. ஒரு சமயம் இடது துவாரத்தில் மூச்சு தாராளமாக ஓடும், சில மணி நேரம் கழித்து வலதுக்கு மாறும். இடது ஓடினால் சந்திரகலை, வலது ஓடினால் சூரியகலை என்று நம்மூரில் சரம் பார்ப்பார்கள். என் தகப்பனார் வெளியூர் கிளம்பும்போது வாசலில் நின்று புறங்கையை மூக்கடியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் காலை முதலில் வைப்பது என்று முடிவு செய்வார். பஸ் போன பிறகுகூட!

---

கா_மூ_தொ | ஜனவரி 14, இரவு 9:33

ஐயா சொன்ன சகுனத்துக்கு நான் பொறுப்பில்லை, மூச்சு மாறுவது உண்மை. மூக்கின் பக்கச் சுவரில் டர்பினேட் என்று சதை மடிப்புகள் உண்டு. அவை இரண்டு பக்கமும் முறை வைத்து வீங்கி வடியும். ஆரோக்கியமானவருக்கும் இது நாள் முழுக்க நடக்கிறது, தெரிவதில்லை. ஒரு பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் கீழ்ப்பக்க மூக்கு அடைப்பதும் இதே வகை. தண்டு வளைந்தவருக்கு இடம் ஏற்கெனவே குறைவு என்பதால், அந்தப் பக்கத்து முறை வரும்போது முழு அடைப்பாகத் தெரியும்.

நான் ஒரு மாவட்டத் தலைநகரில் காது மூக்கு தொண்டை பார்க்கிறேன். இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்ல வரவில்லை, பொதுவாகச் சில விஷயம் மட்டும்.

"சதை வளர்ச்சி" என்ற சொல்லால் பாதிக் குழப்பம் வருகிறது. நம்மூரில் டர்பினேட் வீக்கத்தையும் சதை என்கிறோம், பாலிப் என்ற கட்டியையும் சதை என்கிறோம், குழந்தைகளின் அடினாய்டையும் சதை என்கிறோம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. தண்டு இடது பக்கம் வளைந்தால் வலது பக்கம் வெற்றிடம் அதிகமாகும். அதை நிரப்ப அந்தப் பக்கத்து டர்பினேட் தானாகவே பெருக்கும். தம்பிக்கு வலதில் இருப்பது அதுவாக இருக்கலாம், சொட்டு மருந்து வீக்கமாகவும் இருக்கலாம், பஞ்சுத் தூசி அலர்ஜியாகவும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்தே இருக்கலாம். தண்டு வளைவு என்பது ஏராளமானவர்களுக்கு உண்டு. தெருவில் போகிறவர்களை நிறுத்தி ஸ்கேன் எடுத்தால் பலருக்கு வளைந்துதான் இருக்கும், ஒரு தொல்லையும் இல்லாமல். ஸ்கேனில் வளைவு தெரிகிறது என்பதற்காக மட்டும் யாரும் ஆபரேஷன் செய்துகொள்ளக் கூடாது. மூச்சை மறிப்பது அந்த வளைவுதானா என்பதுதான் கேள்வி.

இனி மாமாவின் மூக்கு. நடுத்தண்டின் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. பின்னால் கீழே இருக்கும் எலும்புக்கு வோமர் என்று பெயர். லத்தீனில் கலப்பைக் கொழு என்று அர்த்தம், பார்த்தாலும் கொழு மாதிரிதான் இருக்கும். 1900-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஃப்ரீரும் ஜெர்மனியில் கில்லியனும் ஒரு முறையைக் கொண்டுவந்தார்கள். சவ்வை விலக்கி, உள்ளே இருக்கும் குருத்தெலும்பையும் எலும்பையும் வெட்டி எடுத்துவிடுவது. எஸ்.எம்.ஆர். என்பார்கள். நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பல பத்தாண்டுகள் அதுதான் நடந்தது. மூக்கின் முதுகைத் தாங்குவது அந்தக் குருத்தெலும்புதான். மேலேயும் முன்னேயும் ஒரு சென்டிமீட்டராவது விட்டுவைக்க வேண்டும் என்பது விதி. தாண்டி வெட்டினாலோ, உள்ளே ரத்தம் கட்டிச் சீழ் பிடித்துக் குருத்தெலும்பு கரைந்தாலோ, தூண் போன திண்ணைக் கூரை மாதிரி நடுவில் உட்கார்ந்துவிடும். மாமாவுக்கு நடந்தது இதில் ஏதோ ஒன்றாக இருக்கலாம்.

இப்போது செய்வது செப்டோபிளாஸ்டி. 1940, 50-களில் சிகாகோவில் மாரிஸ் காட்டில் என்பவர் பரப்பிய வழி. சவ்வைத் தலையணை உறை போல விலக்கி, வளைந்ததை மட்டும் எடுத்து அல்லது சீர்செய்து, முடிந்தவரை குருத்தெலும்பை அங்கேயே வைத்து, உறையை மூடித் தைத்துவிடுகிறோம். வெளியே ஒரு கீறல்கூட இருக்காது. உருவம் மாறாது. பள்ளம் விழுவது அடியோடு இல்லை என்று சொல்ல மாட்டேன், அரிது.

---

சந்தேகப்பிராணி | ஜனவரி 15, காலை 10:10

டாக்டர் சொல்வதெல்லாம் சரி. ஆனால் கத்தி வைத்திருப்பவரிடம் கேட்டால் வெட்டத்தானே சொல்வார்? இந்த ஆபரேஷனால் உண்மையில் பலன் உண்டு என்று யாராவது ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஸ்பிரேயே போதும் என்று ஏன் இருக்கக் கூடாது?

---

லண்டன்_தூறல் | ஜனவரி 15, மாலை 4:55

நியாயமான கேள்விதான், ஒப்பிட்டுப் பார்த்தும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 203 பேரைச் சீட்டுக் குலுக்கிய மாதிரி இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆபரேஷன், மறுபாதிக்கு ஆபரேஷன் இல்லாத வைத்தியம் என்று பார்த்து 2019-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். பிரிட்டனில் 378 பேரை வைத்து இதே மாதிரி செய்து 2023-ல் பி.எம்.ஜே. இதழில் போட்டார்கள். இரண்டிலும் ஆபரேஷன் செய்தவர்களே மேல். பிரிட்டன் ஆய்வில் ஆறு மாதம் கழித்து மூக்குத் தொல்லைக்கு மதிப்பெண் போடச் சொன்னபோது ஆபரேஷன் பக்கம் சராசரி 19.9, ஸ்பிரேயும் உப்பு நீரும் அடித்த பக்கம் 39.5. மொத்தம் 110-க்கு, குறைவாக இருந்தால் நல்லது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதில் சேர்த்தது அடைப்பு நன்றாகவே இருந்தவர்களை. லேசான வளைவுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

என் கதை வேறு. இங்கே முதலில் குடும்ப டாக்டர், பிறகு ஸ்பிரே அடித்துப் பார், பிறகு பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம், பிறகு காத்திருப்பு. 18 வாரத்துக்குள் வைத்தியத்தைத் தொடங்க வேண்டும் என்று விதி இருக்கிறது. விதி விதியாகவே இருக்கிறது. பதினாலு மாதம் ஆகியும் நான் இன்னும் வரிசையில்தான் நிற்கிறேன்.

---

சந்தேகப்பிராணி | ஜனவரி 15, மாலை 5:20

சரி, இந்த விஷயத்தில் வாபஸ்.

---

பூண்டு_ரசம் | ஜனவரி 16, காலை 8:12

எங்கள் ஏரியாவில் ஒரு நோட்டீஸ் கொடுத்தார்கள்: "கத்தியின்றி ரத்தமின்றி பத்து நிமிடத்தில் லேசரில் மூக்குத் தண்டு வளைவு நிவாரணம்." நம்பலாமா?

---

கா_மூ_தொ | ஜனவரி 16, இரவு 10:02

பெருத்த டர்பினேட்டைச் சுருக்க லேசர், ரேடியோ அலை எல்லாம் உண்டு. அது சிலருக்கு நல்ல பலன் தரும். கோணிய எலும்பை அது நேராக்கிவிடாது. நோட்டீஸ் அடித்தவருக்கும் இது தெரியும்.

---

பஞ்சுத்தூசி | பிப்ரவரி 8, இரவு 9:15

மூன்று வாரம் கழித்து வருகிறேன். டாக்டரிடம் சொட்டு விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிடம் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தார். அக்கா சொன்ன அதே வழியைத்தான் சொன்னார். வலது பக்கம் முதலில் நிறுத்தினேன்.

முதல் நான்கு ராத்திரி தூங்கவே இல்லை. சேரில் உட்கார்ந்தபடி சாய்ந்துகொண்டு, அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்கக் கொடுப்பார், பத்து நிமிடம் திறக்கும், மறுபடி மூடும். ஐந்தாம் நாள் இரண்டு மணிக்கு எழுந்துபோய் டிராயரில் இருந்த கடைசி பாட்டிலைக் கையில் எடுத்தேன். அம்மா லைட்டைப் போட்டுவிட்டு ஒன்றுமே சொல்லாமல் நின்றார். பாட்டிலை அவரிடம் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டேன். ஒன்பதாம் நாள் வலது மூக்கு திறந்தது. திறந்தது என்றால் அப்படியொரு திறப்பு. காற்று உள்ளே போவது குளிர்ச்சியாகத் தெரிகிறது. இரண்டு வருடமாக அந்தக் குளிர்ச்சி என்ன என்பதே மறந்துபோயிருந்தது.

ஆனால் இடது பக்கம் சொட்டை நிறுத்தி இரண்டு வாரம் ஆகியும் அசையவில்லை. முன்பு எப்படி இருந்ததோ அப்படியே. நேற்று சி.டி. எடுத்தேன். முள் போய்ப் பக்கச் சுவரில் இடித்துக்கொண்டு நிற்கிறது. டாக்டர் கன்னத்தைக் காதுப் பக்கம் இழுத்துப் பிடித்து மூச்சு விடச் சொன்னார். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மூக்கு வாசல் பலவீனமாக இருந்தால் அப்படி இழுத்தால் மூச்சு வருமாம். எனக்கு அது இல்லையாம். "இப்போது நான் உறுதியாகச் சொல்கிறேன், இடது பக்கம் முழுக்கத் தண்டுதான்" என்றார். மார்ச்சில் தேதி.

---

ஓடி_நர்ஸ் | பிப்ரவரி 8, இரவு 9:50

சபாஷ் தம்பி. ஒன்பது நாள் என்பது சாதாரணம் இல்லை. அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

---

கணக்கப்பிள்ளை | பிப்ரவரி 9, காலை 11:30

இன்சூரன்ஸ் இருந்தால் இப்போதே எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகளில் மூக்குத் தண்டு, சைனஸ், டான்சில் எல்லாம் முதல் 24 மாதம் கிடையாது என்று ஒரு பட்டியலில் இருக்கும். கம்பெனி குரூப் பாலிசியில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இருக்காது, எச்.ஆரிடம் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மூச்சடைப்புக்காக" என்று தெளிவாக இருக்க வேண்டும். அழகுக்காகச் செய்தது என்று சந்தேகம் வந்தால் கைவிரித்துவிடுவார்கள். கையில் காசில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இது தினப்படி நடக்கிற ஆபரேஷன். என் தங்கை வீட்டுக்காரர் அங்கேதான் செய்துகொண்டார். காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வரிசையில் நிற்கிற பொறுமை மட்டும் வேண்டும்.

---

பஞ்சுத்தூசி | மார்ச் 19, மதியம் 12:05

முடிந்தது. கோயம்புத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அடுத்து வருகிறவர்களுக்கு உதவும் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முந்தைய நாளே ரத்தம், ஈ.சி.ஜி., மயக்க டாக்டர் எல்லாம் முடிந்தது. ராத்திரி பத்து மணிக்குப் பிறகு ஒன்றும் இல்லை. தியேட்டரில் சில்லென்று ஏ.சி., முகத்துக்கு நேரே வட்ட விளக்கு. கையில் ஊசி போட்டு "கம்பெனியில் ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் வெட்டுவீங்க" என்று கேட்டார்கள். ஆயிரத்து என்று ஆரம்பித்தேன். முடித்தேனா தெரியாது. கண்ணைத் திறந்தால் ரெக்கவரி ரூம். ஒன்றேகால் மணி நேரம் ஆனதாம்.

வலி உண்மையிலேயே பெரிதில்லை. தலை கனம், மேல் முன்பற்கள் மரத்த மாதிரி இருந்தது. அண்ணத்துக்குப் போகும் நரம்பு அந்த வழியாகப் போகிறதாம், சில வாரத்தில் சரியாகும் என்றார்கள். இம்சை எல்லாம் அந்தப் பஞ்சுதான். இரண்டு துவாரத்திலும் விரல் நீளத்துக்கு அடைத்திருந்தார்கள். மூக்கை முழுசாக மூடிக்கொண்டு இட்லி சாப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? மென்றால் மூச்சு விட முடியாது, மூச்சு விட்டால் மெல்ல முடியாது. விழுங்கும்போது காது இரண்டும் பட்டென்று அடைக்கும். ருசி கிடையாது. அம்மா வைத்த மிளகு ரசம் வெறும் சூடாக இறங்கியது. ராத்திரி வாய் காய்ந்துவிடும் என்று நனைத்த துணியை வாய் மேல் போட்டுக்கொண்டு, மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து கிடந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருந்தது. எதிர்ப் படுக்கை பாட்டி, "ஏன் தம்பி அழறே, ஆம்பளைப் பிள்ளை" என்றார்.

இரண்டாம் நாள் காலை பஞ்சு எடுத்தார்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து விநாடிதான். ஆனால் அந்த ஐந்து விநாடியில் மூளையின் ஒரு பகுதியைச் சேர்த்து உருவுகிறார்களோ என்று தோன்றியது. பிறகு கொஞ்சம் ரத்தம், கீழே கிண்ணம். அப்புறம் இரண்டு மூக்கிலும் சேர்த்து ஒரு மூச்சு வந்தது பாருங்கள். அரை நாள்தான், பிறகு வீக்கத்தில் அடைத்துவிட்டது. ஆனால் அந்த ஒரு மூச்சு போதும்.

உள்ளே மெல்லிய சிலிக்கான் தகடு இரண்டு தைத்து வைத்திருக்கிறார்கள். ஏழாம் நாள் எடுப்பார்களாம். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், இரண்டு வாரம் குனிந்து கனம் தூக்கக் கூடாது. பில் 68 ஆயிரம் வந்தது, இன்சூரன்ஸ் 61 கொடுத்தது.

---

பஞ்சுத்தூசி | மார்ச் 27, இரவு 11:40

அக்கா, டாக்டர், யாராவது இருக்கிறீர்களா? தகடு எடுத்து மூன்று நாள் ஆகிறது. இப்போது அடைப்பு ஆபரேஷனுக்கு முன்பு இருந்ததைவிட மோசம். ஏமாந்துவிட்டேனோ என்று இருக்கிறது.

---

ஓடி_நர்ஸ் | மார்ச் 27, இரவு 11:52

முதலில் இதைச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா? மூக்கு நுனியைத் தொட்டால் தெறிக்கிற வலி? இரண்டு பக்கமும் திடீரென்று ஒரே நேரத்தில் அடைத்ததா? இதில் ஏதாவது ஆமாம் என்றால் காலை வரை காத்திருக்காமல் இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தண்டில் ரத்தம் கட்டியிருந்தால் அது காத்திருக்காது. டாக்டர் மேலே சொன்ன குருத்தெலும்பு கரைவது இப்படித்தான்.

---

பஞ்சுத்தூசி | மார்ச் 27, இரவு 11:56

காய்ச்சல் இல்லை. வலி இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அடைத்தது. உள்ளே கட்டி கட்டியாகக் காய்ந்த மாதிரி இருக்கிறது.

---

ஓடி_நர்ஸ் | மார்ச் 28, அதிகாலை 12:10

அப்படியென்றால் அது பொறுக்கு. உப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுகிறீர்களா? பயந்துகொண்டு லேசாக விடுகிறீர்கள் என்று நினைக்கிறேன், எல்லோரும் அப்படித்தான். கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் ஒரு டம்ளர், அயோடின் சேர்க்காத உப்பு அரை ஸ்பூன், ஒரு சிட்டிகை ஆப்பசோடா. மருந்துக் கடைப் பாக்கெட் என்றால் இன்னும் சௌகரியம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. குழாய்த் தண்ணீரை அப்படியே விடாதீர்கள். 2024-ல் கேரளத்தில் அமீபா மூளைக் காய்ச்சல் வந்ததே, அது மூக்கு வழியாகத்தான் ஏறுகிறது. விரலை விட்டு நோண்டாதீர்கள். தண்டில் ஓட்டை விழுந்தால் ஆயுசுக்கும் மூச்சு விசில் அடிக்கும். சொட்டு பாட்டில் பக்கமும் போகாதீர்கள். காலையில் டாக்டரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

மாட்டுத்தாவணி | மார்ச் 28, காலை 6:15

இரண்டாம் வாரம் எல்லோரும் எழுதும் பதிவு இது. நானும் எழுதினேன்.

---

பஞ்சுத்தூசி | ஏப்ரல் 29, இரவு 8:30

ஆறு வாரம் ஆயிற்று. அன்று மறுநாளே போனேன். டாக்டர் இடுக்கியால் ஒரு பொறுக்கை உருவினார். புளியங்கொட்டை சைஸ். அதற்குப் பிறகு நாளுக்கு நாள் நல்ல திருப்பம்.

நேற்று சாயங்காலம் கம்பெனியிலிருந்து வரும்போது புது பஸ் ஸ்டாண்டு பக்கம் பூக்கடையைத் தாண்டினேன். மல்லி வாசம் இடது பக்கத்திலும் ஏறியது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டேன். அம்மாவிடம் சொன்னால் சிரிப்பார் என்று சொல்லவில்லை, இரண்டு முழம் வாங்கிக்கொண்டு போனேன். பல் மரப்பும் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறேன் என்று அம்மாவே சொல்கிறார்.

---

குறட்டை_ராஜா | ஏப்ரல் 30, காலை 7:05

அப்படியானால் குறட்டையும் போய்விடுமா? எனக்கு 96 கிலோ. ராத்திரி மூச்சு நின்று நின்று வருகிறது என்று மனைவி பயப்படுகிறார்.

---

கா_மூ_தொ | ஏப்ரல் 30, இரவு 10:20

மூச்சு நின்று வருவது ஸ்லீப் ஆப்னியாவாக இருக்கலாம். அதில் அடைப்பது பெரும்பாலும் தொண்டைப் பகுதி. மூக்குத் தண்டை மட்டும் நேராக்கினால் அது குணமாகாது. மாஸ்க் மிஷின் போட வேண்டி வந்தால், மூக்கு திறந்திருப்பது அதைப் பழகிக்கொள்ள உதவும், அவ்வளவே. முதலில் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மனைவி சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

---

பஞ்சுத்தூசி | ஜூலை 26, இரவு 9:45

நான்கு மாதம் ஆனது. ஆடிக் காற்று ஆரம்பித்ததிலிருந்து தும்மல். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் கம்பெனிப் பஞ்சும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காலையில் வரிசையாகப் பத்துத் தும்மல், மூக்கில் நீர். ஆனால் அடைப்பு இல்லை. டாக்டர் முன்பே சொல்லியிருந்தார், தண்டை நேராக்கலாம், அலர்ஜியை வெட்டி எடுக்க முடியாது என்று. ஸ்பிரே மறுபடி ஆரம்பித்திருக்கிறேன், கட்டிங் டேபிளில் மாஸ்க் போடுகிறேன். ரெண்டாம்_ஆட்டம், உங்கள் ரூம்மேட்டுக்கும் திரும்ப வந்தது இதுவாக இருக்குமோ?

---

ரெண்டாம்_ஆட்டம் | ஜூலை 26, இரவு 10:30

கேட்டேன் ப்ரோ. ஸ்பிரேயை ஆபரேஷனோடு நிறுத்திவிட்டானாம். சொட்டு போடுகிறாயா என்றேன். "எப்பவாவது" என்றான். எப்பவாவது என்றால் எத்தனை தடவை என்று கேட்டதற்கு பேச்சை மாற்றிவிட்டான். இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

---

பஞ்சுத்தூசி | ஜூலை 27, மதியம் 2:10

இன்னொன்று. பெரிய மாமா நேற்று வீட்டுக்கு வந்தார். டார்ச் அடித்து என் மூக்கை உள்ளேயும் வெளியேயும் பார்த்தார். "தையல் எங்கேடா" என்றார். உள்ளே, அதுவாகவே கரைந்துவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் தன் மூக்கைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "என்னுதை இப்ப நிமிர்த்த முடியுமான்னு அந்த டாக்டர்கிட்ட கேளு" என்றார். வயது 67. முடியுமா சார்?

---

கா_மூ_தொ | ஜூலை 27, இரவு 9:18

முடியும். காதிலிருந்தோ விலாவிலிருந்தோ குருத்தெலும்பு எடுத்து வைத்து நிமிர்த்துவார்கள். ஆனால் அது தம்பிக்குச் செய்ததைவிடப் பெரிய வேலை. மூச்சு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். அடைப்பு இருந்தால் யோசிக்கலாம்.

---

பஞ்சுத்தூசி | ஜூலை 27, இரவு 10:01

கேட்டேன் சார். மூச்சு நன்றாகவே வருகிறதாம். அதோடு, பேப்பர் படிக்கிற கண்ணாடி அந்தப் பள்ளத்தில்தான் வழுக்காமல் உட்காருகிறதாம். அப்படியே இருக்கட்டும் என்றுவிட்டார்.